கொடிகாமத்துப் பிள்ளைக்கு எத்தனை புள்ளி?

வீடு மாறினால் 20 புள்ளி. பாடசாலை மாறினால் இன்னொரு 20. வாழும் சூழல் மாறினால் 25, தூக்க வழக்கம் மாறினால் 16, சாப்பாட்டு வழக்கம் மாறினால் 15, கூடிப் பழகும் வட்டம் மாறினால் 18. அமெரிக்காவின் வொஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தோமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரண்டு மருத்துவர்கள் 1967இல் வெளியிட்ட அளவுகோல் இப்படித்தான் கணக்கிடுகிறது. அதில் 43 வாழ்க்கை நிகழ்வுகள் உள்ளன. துணையின் மரணத்துக்கு 100 புள்ளி, நத்தார் பண்டிகைக்கு 12. ஒரு வருடத்துக்குள் சேரும் புள்ளிகள் 150க்குக் கீழே நின்றால் நோய்வாய்ப்படும் ஆபத்து குறைவு என்றும், 300ஐத் தாண்டினால் மிக அதிகம் என்றும் அது சொல்லும். வாழ்க்கை மாற்றத்தையும் நோயையும் எண்களால் இணைத்துப் பார்த்த முதல் பெரிய முயற்சி என்பதால், உளவியல் பாடநூல்கள் இன்றும் இதை விட்டுவிடுவதில்லை.

2000ஆம் ஆண்டு கொடிகாமத்தில் ஓ.எல் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளையை இந்த அளவுகோலில் நிறுத்திப் பார்க்கலாம். அந்த வருடம் ஏப்ரல் 22ஆம் திகதி ஆனையிறவுப் படைத்தளம் விடுதலைப் புலிகளிடம் வீழ்ந்தது. மே மாதத்தில் சண்டை தென்மராட்சிக்குள் நுழைந்தது. மிருசுவில், கொடிகாமம், மீசாலை, சாவகச்சேரி என்று ஊர் ஊராகச் சனம் கிளம்பி வடமராட்சிக்கும் வலிகாமத்துக்கும் போனது. அந்தப் பிள்ளைக்கு வீடு மாறியது, பாடசாலை மாறியது, சூழலும் தூக்கமும் சாப்பாடும் கூட்டாளி வட்டமும் மாறின. எல்லாவற்றையும் கூட்டினால் 114 வருகிறது. தேங்காயும் மாங்காயும் விற்று வந்த வருமானமும் நின்றுபோனது என்று, வீட்டுப் பொருளாதார மாற்றத்துக்குரிய 38ஐயும் சேர்த்தால் 152. ஆபத்துக் கோட்டை இரண்டே புள்ளியால் தாண்டுகிறது.

இந்த எண்ணை ஏற்றுக்கொள்ள யாழ்ப்பாணத்தில் எந்த ஆசிரியராலும் முடியாது. அளவுகோல் பெரியவர்களுக்காக உருவாக்கப்பட்டது என்பது ஒரு காரணம். ஆனால் அதன் அடிப்படைத் தவறு வேறு. நிகழ்வுகளைத் தனித்தனியாக எடுத்து, ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை போலக் கூட்டுகிறது. பதின்ம வயதில் துன்பம் அப்படிக் கூடுவதில்லை. எத்தனை மாற்றங்கள் ஒரே நேரத்தில் விழுந்தன, அவற்றுக்கு நடுவே மாறாமல் நின்றது என்ன, மாற்றத்துக்குப் பிறகு வந்த நாட்கள் எப்படி இருந்தன என்பவைதான் அந்த வயதின் துயரத்தைத் தீர்மானிக்கின்றன. கடந்த அரை நூற்றாண்டு ஆய்வுகளும் தென்மராட்சியின் சொந்த வரலாறும் சுட்டுவது அதையே.

கொடிகாமம் ஏ-9 வீதியில், சாவகச்சேரிக்கும் பளைக்கும் இடையில் இருக்கிறது. பருத்தித்துறை வீதி பிரியும் சந்தியும் அங்கேதான். பலாப்பழத்துக்கும் மாம்பழத்துக்கும் தேங்காய்க்கும் பெயர்போன சந்தை அது. போர்க் காலத்தில் அந்த ஊர் அடைக்கலம் தருவது, அடைக்கலம் தேடுவது என்ற இரண்டு வேடத்தையும் தாங்கியது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி மாலை, 'ரிவிரெச' படை நடவடிக்கை நெருங்கி வர, வலிகாமத்தை விட்டு வெளியேறும்படி புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். நாலைந்து இலட்சம் பேர் என்று மதிப்பிடப்படும் சனம் கொட்டும் மழையில் செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்து தென்மராட்சிக்கு வந்தது. கோயில் மண்டபம், பாடசாலை, மாமரத்தடி, தெரிந்தவர் வீடு, தெரியாதவர் வீட்டு விறாந்தை என்று ஒரு தலைமறைப்பு கிடைத்த இடமெல்லாம் ஆட்கள் நிறைந்தார்கள். 1996 ஏப்ரலில் இராணுவம் தென்மராட்சியையும் பிடித்த பிறகே பெரும்பாலானோர் திரும்பிப் போனார்கள். 1985இல் கொடிகாமத்தில் பிறந்த ஒரு பிள்ளை 10 வயதில் தன் கிணற்றடியைப் பத்துக் குடும்பங்களோடு பங்கிட்டிருக்கும். 15 வயதில் தானே இன்னொருவர் கிணற்றடியில் வாளியோடு வரிசையில் நின்றிருக்கும்.

இரண்டு அனுபவங்களும் ஒரே பிள்ளையிடம் ஒரே விளைவைத் தருவதில்லை. காரணம் வயது.

அமெரிக்காவின் மில்வோக்கி நகரப் பாடசாலை மாணவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ரொபேட்டா சிமன்ஸ், டேல் பிளைத் என்ற ஆய்வாளர்கள் 1987இல் தங்கள் முடிவுகளை நூலாக வெளியிட்டார்கள். பருவமடைதல், பாடசாலை மாற்றம், வீடு மாற்றம், குடும்பத்தில் பிளவு ஆகியவை ஒவ்வொன்றாக வந்தபோது பெரும்பாலான பிள்ளைகள் தாக்குப்பிடித்தார்கள். இரண்டு மூன்று சேர்ந்து வந்தபோது தன்மதிப்பும் பரீட்சைப் புள்ளிகளும் சரிந்தன, பெண் பிள்ளைகளிடம் இன்னும் அதிகமாக. வாழ்க்கையின் ஏதாவது ஒரு பகுதியாவது பழையபடி இருக்க வேண்டும், அங்கே போய் மூச்சுவிட்டுத் திரும்ப முடிய வேண்டும் என்பதே அவர்கள் கண்ட முக்கிய உண்மை.

10 வயதுப் பிள்ளைக்கு அந்த இடம் அம்மாவின் மடியாக இருக்கலாம். 15 வயதுப் பிள்ளைக்கு அது எது? உடம்பே மாறிக்கொண்டிருக்கிறது. பருவமடைந்த பெண் பிள்ளைக்கு, துணி மாற்றவும் குளிக்கவும் ஒரு மறைப்பு இல்லாத கொட்டிலில் நாள் முழுவதும் இருப்பதே தண்டனை. பெரியவர்கள் பொறுப்பைச் சுமத்துகிறார்கள், ஆனால் முடிவெடுக்கும் இடத்தில் அவளைச் சேர்ப்பதில்லை. நிவாரண வரிசையில் நிற்கவும் தம்பியைப் பார்க்கவும் அவள் பெரிய பிள்ளை. எங்கே போகிறோம் என்று கேட்டால் சின்னப் பிள்ளை.

பிரிவு பற்றிய உளவியலின் அடித்தளமும் ஒரு போர் இடப்பெயர்விலேயே போடப்பட்டது. 1939 செப்டெம்பர் முதல் நாட்களில் பிரித்தானியா சுமார் 15 இலட்சம் பேரை நகரங்களிலிருந்து கிராமங்களுக்கு அனுப்பியது. அவர்களில் பெரும் தொகையினர் பெற்றோரில்லாமல் பாடசாலையோடு போன பிள்ளைகள். அந்த டிசம்பரிலேயே ஜோன் போல்பி, டொனால்ட் வினிக்கொட், இமானுவேல் மில்லர் மூவரும் பிரித்தானிய மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதி, சிறு பிள்ளைகளைத் தாயிடமிருந்து நீண்ட காலம் பிரிப்பது ஆபத்து என்று எச்சரித்தார்கள். இலண்டன் ஹாம்ஸ்டெட்டில் போர்க்காலப் பிள்ளை இல்லங்களை நடத்திய அனா பிராய்ட், குண்டு வீச்சைவிடப் பெற்றோரைப் பிரிந்ததே பிள்ளைகளை அதிகம் குலைத்தது என்று 1943இல் எழுதினார். தாய் பதறாமல் பக்கத்தில் இருந்தால் பிள்ளை குண்டுச் சத்தத்தையும் தாங்கியது.

அதே அனா பிராய்ட், சோபி டான் என்பவருடன் சேர்ந்து 1951இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு அதிகம் பேசப்படுவதில்லை. தெரேசின் நாஜி முகாமில் பெற்றோரை இழந்து தப்பிய ஆறு சிறு பிள்ளைகள் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். பெரியவர்கள் எவரையும் அவர்கள் நம்பவில்லை. ஆனால் ஆறு பேரும் ஒருவரையொருவர் ஒரு கணமும் பிரியவில்லை. தாங்கள் சாப்பிடுவதைவிடப் பக்கத்தில் இருப்பவருக்கு உணவைக் கொடுப்பதே அவர்களுக்கு முக்கியமாக இருந்தது. ஒத்த வயதினரே ஒருவருக்கொருவர் பெற்றோரின் இடத்தை நிரப்பக்கூடும் என்பதற்கு அது வலிமையான சான்று. பதின்ம வயதில் இந்த உண்மை இன்னும் பெரிதாகிறது. அந்த வயதில் பாதுகாப்பு உணர்வின் ஒரு பகுதி வீட்டிலிருந்து வாங்குப் பலகையில் பக்கத்தில் இருப்பவனிடம் இடம் மாறியிருக்கும்.

1995இல் இடம்பெயர்ந்து வந்த வலிகாமத்துப் பாடசாலைகள் தென்மராட்சிப் பாடசாலைக் கட்டடங்களில் பின்னேர வகுப்புகளை நடத்தின. இடநெருக்கடிக்காகச் செய்த ஏற்பாடு அது. ஆனால் உளவியல் நோக்கில் அதைவிடச் சிறந்த சிகிச்சை அப்போது கிடைத்திருக்க முடியாது. அதே பாடசாலைப் பெயர், அதே ஆசிரியர், அதே கூட்டாளி. மாறியது கட்டடம் மட்டும். சொந்தக்காரர் இருந்த திக்கெல்லாம் சிதறிப்போய், அயல் பாடசாலையில் தனியாளாகச் சேர்ந்த பிள்ளைக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை.

எதிர்காலமும் ஒரு உறவுதான். எரிக் எரிக்சன் 1968இல் வெளியிட்ட நூலில் இளைஞரின் அடையாள நெருக்கடி பற்றி விரிவாக எழுதினார். நான் யார், என்னவாகப் போகிறேன் என்ற கேள்விக்கு விடை தேடும் வயது அது. யாழ்ப்பாணத்தில் அந்த விடைக்கு ஒரு ஏணி எப்போதும் சாத்தி வைத்திருக்கும்: ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில், ஓ.எல், ஏ.எல், கம்பஸ். விடியற்காலை ரியூசன் கொட்டிலில் நிறையும் சைக்கிள்களே அதற்குச் சாட்சி. ஓ.எல் டிசம்பரில் என்றால், மே மாதத்தில் ஊரை இழந்த பிள்ளை ஏழு மாதத்தில் பரீட்சை எழுத வேண்டும். கொப்பி இல்லை, கடந்தகால வினாத்தாள் இல்லை, படிப்பித்துக்கொண்டிருந்த மாஸ்டர் எங்கே என்று தெரியாது. வளவையும் வீட்டையும் பற்றிப் பெரியவர்கள் அழும்போது, அந்தப் பிள்ளை எதற்காக அழுகிறது என்பது வீட்டில் யாருக்கும் புரிவதில்லை. பரீட்சை ஒரு பிள்ளையின் முழு மதிப்பாக இருக்கக்கூடாது என்று வாதிடலாம், அது நியாயமும்கூட. ஆனால் ஒரு சமூகம் ஒரே ஒரு ஏணியைத் தந்துவிட்டு, அது விழுந்ததும் பிள்ளை ஏன் இப்படி உடைகிறது என்று கேட்பது சரியல்ல.

உடைந்த பிள்ளை தனக்குள் என்ன சொல்லிக்கொள்கிறது என்பதை 1978இல் லின் ஏப்ரம்சன், மார்ட்டின் செலிக்மன், ஜோன் டீஸ்டேல் மூவரும் விளக்கினார்கள். கெட்டது நடந்ததற்குக் காரணம் நான், இது மாறாது, எல்லாவற்றிலும் இப்படித்தான் நடக்கும் என்ற மூன்று எண்ணமும் சேர்ந்தால் மனச்சோர்வு வேர்விடும். "நான் கெட்டிக்காரனெண்டால் எங்க இருந்தாலும் படிச்சிருப்பன்" என்று சொல்லும் பிள்ளை செய்வது அதுதான். நடந்தது படை நடவடிக்கை. பிள்ளை எழுதிக்கொள்ளும் காரணம் தன் மூளை. "அண்டைக்கு அப்பாவைத் தனிய விட்டிட்டு வந்திருக்கக்கூடாது" என்பதும் அதே பாதைதான். ஆறுதல் சொல்ல வருபவர்கள் "படிச்சு முன்னுக்கு வா, எல்லாம் உன்ர கையிலதான்" என்கிறார்கள். நல்ல மனதோடு சொல்கிறார்கள். ஆனால் கையில் எதுவுமே இல்லாத நேரத்தில் எல்லாம் உன் கையில் என்று கேட்கும் பிள்ளை, இன்னொரு முறை தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்கிறது.

வீட்டில் ஒருவர் காணாமல் போயிருந்தால் இந்தக் கணக்கு முடிவதேயில்லை. 1996இல் இராணுவக் கட்டுப்பாட்டுக்குள் வந்த குடாநாட்டில் நூற்றுக்கணக்கானோர் காணாமல் ஆக்கப்பட்டார்கள். இறந்தார் என்று அந்தியேட்டி செய்யவும் முடியாது, இருக்கிறார் என்று நம்பவும் முடியாது. அமெரிக்க ஆய்வாளர் போலின் பொஸ், வியட்நாம் போரில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்து, இத்தகைய முடிவில்லாத இழப்பு மற்ற எல்லா இழப்புகளையும்விடக் கடினமானது என்று வாதிட்டார். அப்பா வருவார் என்று காத்திருக்கும் வீட்டில் 14 வயது மகனுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அப்பாவின் இடத்தை எடுத்து உழைக்கத் தொடங்கினால், அவர் வரமாட்டார் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். எடுக்காவிட்டால் அம்மா தனியே சுமக்க வேண்டும்.

துன்பம் மறுபடி மறுபடி அதே வீதியில் எதிர்ப்படுவதும் உண்டு. கைதடியைச் சேர்ந்த 18 வயது மாணவி கிருஷாந்தி குமாரசாமி 1996 செப்டெம்பர் 7ஆம் திகதி ஏ.எல் பரீட்சைத்தாள் எழுதிவிட்டு சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் செம்மணிச் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். தேடிப்போன தாயும் 16 வயதுத் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரப் பாடசாலைகளுக்குப் போய்வந்த தென்மராட்சிப் பிள்ளைகள் அதற்குப் பிறகும் தினமும் அதே சாவடியைக் கடக்க வேண்டியிருந்தது. 2000 டிசம்பரில், இடம்பெயர்ந்திருந்தவர்கள் தங்கள் வீடுவாசலைப் பார்க்க மிருசுவிலுக்குத் திரும்பியபோது எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் 5 வயதுக் குழந்தையும் பதின்ம வயதினரும் இருந்தார்கள். அந்தக் கொலைகளுக்காக 2015இல் மரண தண்டனை விதிக்கப்பட்ட படைச் சிப்பாய் 2020 மார்ச்சில் ஜனாதிபதி மன்னிப்பில் விடுதலையானார். அதிர்ச்சிக்குப் பிந்திய நெருக்கீடு என்று மருத்துவம் பெயரிடும் நிலையில் 'பிந்திய' என்ற பகுதி இந்தப் பிள்ளைகளுக்கு எப்போது தொடங்கியது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அப்படிக் கேட்டவர்கள் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம், போரின் காயம் ஒரு தனி ஆளின் மண்டைக்குள் மட்டும் இல்லை, குடும்பமும் ஊரும் சேர்ந்து காயப்பட்டிருக்கின்றன என்று 1998 முதலான தன் நூல்களில் தொடர்ந்து வாதிட்டார். தலையிடி, நெஞ்சு நோ, பெருமூச்சு என்று உடம்பின் வழியாகவே இங்குள்ளவர்கள் துயரத்தைச் சொல்வதையும் அவர் பதிவு செய்தார். வகுப்பில் அடிக்கடி மயங்கி விழும் மாணவியை இரத்தச் சோகை என்று மட்டும் பார்த்துவிடக்கூடாது என்பது அதிலிருந்து கிடைக்கும் பாடம்.

காயம் குடும்பத்துக்குள்ளும் இருக்கிறது என்பதை எண்கள் உறுதிப்படுத்துகின்றன. வன்னியில் 420 பாடசாலைப் பிள்ளைகளிடம் நடத்தி 2009இல் வெளியான ஆய்வில் 92 வீதமானோர் கடுமையான அதிர்ச்சி நிகழ்வுகளைச் சந்தித்திருந்தார்கள். ஆனால் நெருக்கீட்டு நோய் என்று கண்டறியப்பட்டது ஏறக்குறைய கால்வாசிப் பேரிடமே. மீதிப் பேரிலிருந்து அவர்களை வேறுபடுத்தியது எது? சுனாமிக்குச் சில கிழமைகளுக்குப் பிறகு வடகிழக்கில் 9 முதல் 15 வயது வரையான 296 தமிழ் மாணவர்களைச் சந்தித்த குளோடியா கட்டானி குழுவினர் 2008இல் அதற்கு விடை தந்தார்கள். 82 வீதமானோர் போரையும், 95 வீதத்துக்கு மேற்பட்டோர் வீட்டுக்குள் ஏதாவது ஒரு வகை வன்முறையையும் அனுபவித்திருந்தார்கள். தந்தையின் குடியும் வீட்டு அடியும் போரோடு சேர்ந்து பிள்ளையின் நோயைக் கூட்டின. காயத்திரி பெர்னாண்டோ, கென்னத் மில்லர், டேல் பேர்கர் மூவரும் நானூறுக்கு மேற்பட்ட இலங்கை இளையோரை ஆராய்ந்து 2010இல் சொன்னதும் இதுவே. போரும் சுனாமியும் தரும் பாதிப்பின் பெரும் பங்கு அன்றாட நெருக்கடிகள் வழியாகவே பிள்ளையை அடைகிறது. ஒழுகும் கூரை, குடித்துவிட்டு வரும் அப்பா, ஒரு நேரச் சாப்பாடு, புதிய வகுப்பில் 'அகதி' என்று கூப்பிடும் பையன்.

இந்த உண்மை வருத்தத்தைவிட நம்பிக்கையையே அதிகம் தருகிறது. விழுந்த குண்டைத் திருப்பி எடுக்க முடியாது, கூரையை மேயலாம்.

வகுப்பறையில் குழுவாகப் பாடி, வரைந்து, விளையாடி போரால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் மனதைத் தேற்றும் நிகழ்ச்சிகள் நிறைய வந்தன. அவற்றில் ஒன்றை வீட்ஸே டோல் தலைமையிலான குழு வட இலங்கையில் 9 முதல் 12 வயதான 399 பிள்ளைகளிடம் முறையாகச் சோதித்து 2012இல் வெளியிட்டது. மொத்தத்தில் எதிர்பார்த்த முன்னேற்றம் தெரியவில்லை. ஆண் பிள்ளைகளுக்கும், போர்சார்ந்த அன்றாட நெருக்கடி குறைவாக இருந்த பிள்ளைகளுக்கும் பலன் கிடைத்தது. பெண் பிள்ளைகளிடமோ, நிகழ்ச்சியில் சேராதவர்களைவிடச் சேர்ந்தவர்களின் நெருக்கீட்டு அறிகுறிகள் குறைவாகவே தணிந்தன. வீட்டு நிலைமை மாறாமல் பாடசாலையில் மட்டும் ஆறுதல் கொடுத்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இது நேர்மையான விடை. அந்த முடிவை ஒளிக்காமல் வெளியிட்ட ஆய்வாளர்களைப் பாராட்ட வேண்டும்.

உடலியலும் இதே திசையில் பேசுகிறது. மினசோட்டாப் பல்கலைக்கழகத்தின் மேகன் கனர் குழுவினர், குழந்தைப் பருவத்தின் தொடக்கத்தைப் பராமரிப்பு இல்லங்களில் கழித்துப் பின்னர் அமெரிக்கக் குடும்பங்களில் தத்தாக வளர்ந்த பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். நெருக்கடியில் சுரக்க வேண்டிய கோர்ட்டிசோல் அவர்களிடம் மழுங்கியிருந்தது. ஆனால் பருவமடைதல் முன்னேற முன்னேற அந்தச் சுரப்பு மற்றப் பிள்ளைகளின் அளவை நெருங்கியது என்று 2019இல் அறிவித்தார்கள். பதின்ம வயதில் உடம்பு தன் நெருக்கடி அளவைத் திரும்ப அமைத்துக்கொள்கிறது என்பது அதன் பொருள். அந்த ஆண்டுகளில் கிடைக்கும் வீடும் உணவும் அன்பும் பழைய பாதிப்பையும் சேர்த்துத் திருத்தும் வாய்ப்புடையவை.

இன்று கொடிகாமத்தில் ரயில் நிற்கிறது. 1990இல் நின்றுபோன யாழ்ப்பாண ரயில் சேவை 2014 ஒக்டோபரில் திரும்பியது. ஏ-9 வீதியில் இப்போது ஷெல் விழுவதில்லை. ஆனால் பிள்ளைகளின் வாழ்க்கை மாறுவது நிற்கவில்லை. பொருளாதாரம் சரிந்த 2022இல் மட்டும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட இலங்கையர் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். அம்மா குவைத்துக்கும் அப்பா கட்டாருக்கும் போக, அம்மம்மாவோடு நிற்கும் 13 வயதுப் பிள்ளை இடம்பெயரவில்லை. அதன் வீடுதான் அதை விட்டுப் போயிருக்கிறது. தினமும் இரவு வட்ஸ்அப்பில் முகம் தெரியும், காய்ச்சல் வந்தால் நெற்றியில் கை வைக்க ஆள் இல்லை. போலின் பொஸ் விவரித்த முடிவில்லாத இழப்பின் இன்னொரு வடிவம் இது. காசு வருகிறது, புதுச் சைக்கிள் வருகிறது என்பதால் அந்தப் பிள்ளையின் துயரத்தை ஊர் நன்றிகெட்டதனம் என்று எண்ணிவிடுகிறது.

ஆகவே, திடீரென்று பேச்சுக் குறைந்த, கோபம் கூடிய, படிப்பில் பின்தங்கிய ஒரு மாணவனைக் காணும் வகுப்பாசிரியர் முதலில் கேட்க வேண்டியது 'உனக்கு என்ன நடந்தது' என்பதல்ல. கடந்த ஒரு வருடத்தில் இந்தப் பிள்ளைக்கு எவையெல்லாம் சேர்ந்து மாறின, எது மாறாமல் இருக்கிறது, இரவுச் சாப்பாடு யாரோடு என்பவை அதைவிடப் பயனுள்ள கேள்விகள். அவற்றைப் பிள்ளையிடம் கேட்காமலே பாதி அறியலாம். புதிதாகச் சேரும் மாணவனுக்குப் பக்கத்தில் யாரை இருத்துவது என்பது சின்ன முடிவு அல்ல. வெளிநாடு போகும் பெற்றோர் தங்கள் பயணத்தையும் பிள்ளையின் பாடசாலை மாற்றத்தையும் ஒரே தவணையில் வைக்காமல் இருக்கலாம். ஓ.எல் ஆண்டில் வீடு மாற்றியே ஆகவேண்டும் என்றால் பழைய ரியூசனையாவது விடாமல் வைத்திருக்கலாம்.

கவலையும் சோர்வும் இரண்டு கிழமைக்கு மேல் நீடித்து, தூக்கமும் சாப்பாடும் படிப்பும் கெட்டால் அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப்போக வேண்டும். சாவைப் பற்றிப் பேசும் பிள்ளையை அந்த இரண்டு கிழமைக்குக்கூடக் காத்திருக்க விடக்கூடாது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தையும் பிள்ளைகளுக்கான 1929 என்ற இலக்கத்தையும் அழைக்கலாம்.